ஆபத்தர்மமும் குருத்துவமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் சொல்லிய கிளைக்கதைகள் சிலவற்றை அச்சுக்காகக் குறைத்திருக்கிறேன். வாதத்தின் போக்கில் மாற்றம் இல்லை.)



கிறிஸ்தவத் திருச்சபையில் பெண்கள் குருப்பட்டம் பெறலாமா, அத்தியட்சர் பீடத்தில் அமரலாமா என்னும் விவாதத்தைப் பற்றி இவ்வாண்டுச் சொற்பொழிவு அமையவேண்டும் என்று அறக்கட்டளைக் குழுவினர் பணித்தபோது, இவ்விஷயத்தில் இன்னும் சொல்லப்படாதது ஏதேனும் உண்டா என்னும் ஐயமே என் மனத்தில் முதலில் எழுந்தது. இரு தரப்பாரும் வேதவசனங்களைக் கொண்டே வழக்காடி வந்திருக்கிறார்கள். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை ஒருவர் எடுத்தால், கலாத்தியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை மற்றவர் எடுப்பார். கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் பதினான்காம் அதிகாரம் பெண்களைச் சபையில் மௌனமாக இருக்கச் சொல்லுகிறதே என்று ஒருவர் கேட்டால், அதே நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில் பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் உரைப்பதையும் அப்போஸ்தலன் தடையின்றி ஏற்றுக்கொண்டு பேசுகிறாரே என்று மற்றவர் மறுமொழி கூறுவார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் தகுதி சரித்திர மாணவனாகிய எனக்கு இல்லை. வேத சாஸ்திரிகள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. திருச்சபை தனக்கு நெருக்கடி நேர்ந்த காலங்களில் பெண்களிடம் எவற்றை ஒப்படைத்தது, நெருக்கடி நீங்கிய பிறகு அவற்றை என்ன செய்தது என்பதே அது.

சாந்தோக்கிய உபநிஷதத்தில் உஷஸ்தி சாக்ராயணர் என்னும் அந்தணரின் கதை ஒன்று வருகிறது. குரு நாட்டில் பயிர்கள் அழிந்து பஞ்சம் வந்த காலத்தில், பட்டினியால் வாடிய அவர், யானைப்பாகன் ஒருவன் தின்றுகொண்டிருந்த பயற்றை இரந்து வாங்கி உண்டார். அவன் தண்ணீரையும் நீட்டியபோது, எச்சில் என்று சொல்லி மறுத்துவிட்டார். பயறும் எச்சில்தானே என்று பாகன் கேட்டான். அதை உண்ணாவிட்டால் உயிர் போயிருக்கும், தண்ணீரோ விரும்பிய இடத்தில் கிடைக்கும் என்பது அவர் சொன்ன சமாதானம். நம் தேசத்துச் சாஸ்திரங்கள் ஆபத்தர்மம் என்று வகுத்திருப்பதன் இலக்கணம் முழுவதும் இந்தச் சிறு கதையில் அடங்கிவிடுகிறது. ஆபத்து எவ்வளவோ அவ்வளவுக்கே விலக்கு உண்டு. ஆபத்து நீங்கிய கணத்தில் விலக்கும் நீங்கிவிடும்.

கிறிஸ்தவ உலகம் பெண்களின் தலைமை ஊழியத்தை நெடுங்காலம் இவ்வாறே ஓர் ஆபத்தர்மமாக வைத்திருந்தது என்றும், சென்ற நூற்றாண்டில் நடந்த பெரும் விவாதம் அந்த ஆபத்தர்மம் சாதாரண தர்மமாகலாமா என்பதைப் பற்றியதே என்றும் நான் கருதுகிறேன். இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லுகிறேன்: ஆபத்தில் ஒரு பெண் செய்த திருக்கிரியை செல்லும் என்று ஒரு சபை ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், அவளைத் தடுத்து நின்றது விதியே அல்லாமல் இயல்பு அன்று என்பதையும் அது ஒப்புக்கொண்டதாகிறது, விதியை விதித்தவர்கள் மாற்றலாம், இயல்பை எவரும் மாற்றவியலாது. இதற்கான ஆதாரங்களை இனி ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறேன்.

1. முதலாவது, மருத்துவச்சியின் ஞானஸ்நானம்.

பிறந்த குழந்தை விடியும்வரை தாங்காது என்று தெரிந்துவிட்டது. குருவானவரோ அடுத்த ஊரில் இருக்கிறார். அந்நிலையில் அக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக்கூடியவர் யார்? அருகில் இருக்கும் மருத்துவச்சிதான். பெண் ஞானஸ்நானம் கொடுப்பதைக் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் வன்மையாகக் கண்டித்திருந்தபோதிலும், மேலைத் திருச்சபை காலப்போக்கில் அவரைப் பின்பற்றவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், அவசரத்தில் பெண் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லும் என்று எழுதினார். 1439ஆம் ஆண்டில் பிளாரன்ஸ் நகரில் கூடிய பொதுச்சங்கம், அர்மீனியருக்கு விடுத்த ஆணையில், அதைக் கொடுக்கவேண்டியவர் குருவே எனினும் அவசரத்தில் ஆணோ பெண்ணோ, ஏன், அவிசுவாசியே கொடுத்தாலும், சபையின் முறைப்படியும் நோக்கத்தோடும் கொடுத்தால் அது செல்லும் என்று தீர்மானமாகவே கூறிவிட்டது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அவசரம் கொடுப்பவரை மாற்றும், நீரை மாற்றாது. இங்கிலாந்தில் 1567ஆம் ஆண்டில் எலனார் பீட் என்னும் மருத்துவச்சிக்குக் கேன்டர்பரிப் பேரத்தியட்சர் உத்தரவு வழங்கியபோது அவளிடம் வாங்கிய சத்தியப் பிரமாணம் இன்றும் கிடைக்கிறது. அவசர ஞானஸ்நானத்துக்குச் சுத்தமான தண்ணீரையே பயன்படுத்தவேண்டும், பன்னீர் முதலியவற்றைப் பயன்படுத்தலாகாது என்பது அதில் அவள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளுள் ஒன்று. சீமாட்டி வீட்டுப் பிரசவ அறையில் பன்னீர்ச் செம்பு கைக்கெட்டிய தூரத்தில் இருந்திருக்கும் என்பதை நினைத்தே எவரோ ஒரு விவேகி இந்த நிபந்தனையைச் சேர்த்திருக்கிறார். நீர் இல்லாவிட்டால் ஞானஸ்நானம் இல்லை. அது அக்கிரியையின் இயல்பு. குரு இல்லாவிட்டாலும் ஞானஸ்நானம் உண்டு. ஆகவே குருவே கொடுக்கவேண்டும் என்பது விதி. திருச்சபையே வகுத்துக்கொண்ட இந்தப் பாகுபாட்டின்மேல்தான் என் வாதம் முழுவதும் நிற்கிறது.

மருத்துவச்சியின் கையை விலக்க விரும்பியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. விசுவாசிகளின் குழந்தை ஞானஸ்நானம் பெறாமல் இறந்துபோனாலும் தேவனுடைய ராஜ்யத்துக்குப் புறம்பாவதில்லை, ஆகவே அவசரம் என்பதே கிடையாது, அவசரம் இல்லாதபோது பெண் கொடுப்பதற்கு இடமேது என்று சீர்திருத்தவாதி கால்வின் வாதித்தார். பிள்ளையை இழந்த பெற்றோரின் அச்சத்தை நீக்கவேண்டும் என்னும் கருணையும் அந்த வாதத்தில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் 1604 ஜனவரியில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் கூடிய மாநாட்டில் முதலாம் ஜேம்ஸ் அரசர் பெண்கள் கொடுக்கும் ஞானஸ்நானத்தின்மேல் தமக்கிருந்த வெறுப்பை மறைக்காமல் பேசியதையும், அதன்பின் இங்கிலாந்துச் சபையின் ஜெப புத்தகத்தில் சட்டபூர்வமான ஊழியரே அதைக் கொடுக்கவேண்டும் என்னும் கருத்துப்படத் திருத்தம் நுழைந்ததையும் பார்க்கும்போது, கருணையோடு வேறு சில உணர்ச்சிகளும் சேர்ந்தே வேலை செய்தன என்று எண்ணவேண்டியிருக்கிறது.

2. இரண்டாவது, தேவையினால் பிறந்து தேவை நீங்கியதும் மறைந்த ஒரு பதவி.

மூன்றாம் நூற்றாண்டில் சிரியா நாட்டில் தோன்றிய டிடஸ்காலியா என்னும் சபையொழுங்கு நூல், டீக்கனஸ் என்னும் பெண் ஊழியரை நியமிக்கும்படி அத்தியட்சருக்குச் சொல்லுகிறது. அதற்கு அந்நூல் காட்டும் காரணங்கள் இரண்டு. ஞானஸ்நானம் பெறும் பெண்கள் தண்ணீரில் இறங்கும்போது அவர்கள் உடம்பில் எண்ணெய் பூசவேண்டியிருக்கிறது; அதை ஆண் செய்வது தகாது. புறச்சமயத்தார் வீடுகள் சிலவற்றில் விசுவாசிகளான பெண்கள் இருக்கிறார்கள். அங்கே ஆண் ஊழியரை அனுப்பவியலாது. இதே நூல் பெண்கள் ஞானஸ்நானம் கொடுக்கலாகாது என்றும் தடுக்கிறது என்பதைச் சேர்த்து வாசித்தால்தான் இதன் மனப்போக்கு விளங்கும்: தேவையான இடம்வரை வரலாம், அதற்கு அப்பால் வரக்கூடாது. 451ஆம் ஆண்டில் கால்சிதோன் சங்கம், நாற்பது வயதுக்குக் குறைந்தவரை டீக்கனஸாக அபிஷேகம் செய்யக்கூடாது என்று விதி செய்யும் அளவுக்கு அந்தப் பதவி வேரூன்றியிருந்தது. ஆயினும் வயதுவந்தோர் ஞானஸ்நானம் குறைந்து குழந்தைகளின் ஞானஸ்நானமே வழக்கமாகிவிட்ட பிற்காலத்தில், எண்ணெய் பூசும் வேலையும் போயிற்று. பதவியும் படிப்படியாகத் தேய்ந்துபோயிற்று. அதை எவரும் ஒழிக்கவேண்டியிருக்கவில்லை.

டிடஸ்காலியா கூறும் இரண்டாவது காரணம் நம் தேசத்தில் அப்படியே திரும்பி வந்தது. வட இந்தியாவின் ஜெனானா என்னும் பெண்கள் பகுதிகளிலும், நம் பக்கத்து மேற்குல இல்லங்களின் உள்கட்டுகளிலும் ஆண் உபதேசியார் அடியெடுத்து வைக்கவியலாது என்ற காரணத்தினால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன்கள் வேதாகம ஸ்திரீகளைப் பயிற்றி அனுப்பின. அவர்கள் வேதம் வாசித்தார்கள், விளக்கம் சொன்னார்கள், எழுத்தறிவித்தார்கள், நோயாளியின் அருகில் அமர்ந்து ஜெபித்தார்கள். இவற்றை ஓர் ஆண் செய்தால் பிரசங்கம், உபதேசம், ஆத்தும பராமரிப்பு என்றெல்லாம் பெயர் பெற்றிருக்கும். இவர்கள் செய்தபோது வீடு சந்திப்பு என்று பெயர் பெற்றது.

அதற்கும் முன்னே திருநெல்வேலிச் சீமையில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். தஞ்சையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த மராத்திய அந்தண விதவை ஒருவர் 1778ஆம் ஆண்டில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா ஆனார். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் உள்ள நாற்பது பெயர்களில் முதற்பெயர் அவருடையது. 1785இல் பிரதிஷ்டையான, இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே ஊரார் சொல்லும் ஆலயம் அவர் கட்டுவித்தது. குருவோ உபதேசியாரோ நிலையாக இல்லாத காலத்தில் அந்தச் சபையைத் திரட்டிவைத்தவர் அவர். அவர் திரட்டிய சபையைப் பராமரிக்க அனுப்பப்பட்ட சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். இதில் சத்தியநாதன் மீது குறை சொல்ல எதுவும் இல்லை, அவர் தகுதியுள்ளவர். பாளையங்கோட்டையில் ஆபத்துக் காலம் முடிந்து சாதாரண காலம் தொடங்கிய ஆண்டு எது என்பதைக் குறித்துக்கொள்வதற்காகவே சொன்னேன்.

3. மூன்றாவது ஆதாரம் சிறியது. ஆனால் இதைவிடத் தெளிவானது எனக்குக் கிடைக்கவில்லை.

மேரி போசன்கெட் என்னும் பெண்மணி, தாம் பிரசங்கிப்பது நியாயமா என்று மெதடிஸ்டு இயக்கத் தலைவர் ஜான் வெஸ்லிக்கு எழுதிக் கேட்டபோது, 1771இல் வெஸ்லி அவருக்கு ஓர் அசாதாரண அழைப்பு இருக்கிறது என்றும், மெதடிஸ்டு இயக்கம் முழுவதுமே சாதாரண ஒழுங்குக்குள் அடங்காத தெய்வச் செயல் என்றும் பதில் எழுதி அவரை அனுமதித்தார். 1791இல் வெஸ்லி காலமானார். 1803இல் மெதடிஸ்டு மாநாடு கூடிப் பெண்கள் பிரசங்கிப்பதைக் கட்டுப்படுத்தியது. காரணங்களாக அது சொன்னவை: நம் மக்களில் மிகப் பெரும்பாலோர் அதை எதிர்க்கிறார்கள்; மேலும், அவர்கள் பிரசங்கிக்கவேண்டிய தேவையே இல்லை, ஏனெனில் பிரசங்கிகள் போதிய அளவில் இருக்கிறார்கள். வேதவசனம் தடுக்கிறது என்ற காரணத்தை முன்னே நிறுத்தாமல், ஆள் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

4. நான்காவது, இரண்டாம் உலகப் போர். இதில் சற்றுத் தங்கிச் செல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். ஏனெனில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக இழுபட்டுவந்த முடிச்சு இங்கேதான் முதன்முதலாக இறுகிப் பிடித்தது.

பிரசங்கிக்க ஆண் எவனும் இல்லாத இடத்தில் பெண்கள் பிரசங்கிக்கவேண்டியதாகும் என்று லூத்தர் 1521இலேயே எழுதியிருந்தார். அத்தகைய இடம் ஜெர்மனியில் உண்டாவதற்கு நானூறு ஆண்டுகள் ஆயின. ஹிட்லரின் ஆட்சிக்குப் பணிய மறுத்து நின்ற அறிக்கைத் திருச்சபையின் போதகர்களில் பலர் சிறைக்கும் போர்முனைக்கும் போய்விட்டபின், இறையியல் கற்றுப் பட்டம் பெற்றும் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் போதிப்பதோடு நிறுத்தப்பட்டிருந்த விகாரின் என்னும் பெண் ஊழியர்கள் சபை சபையாக ஏற்று நடத்தவேண்டி வந்தது. திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்பது அவர்களுக்கிருந்த நிபந்தனை. 1942 அக்டோபரில் ஹாம்பர்க்கில் கூடிய அச்சபையின் சினாடு, ஆண் போதகர் கிடைக்காத நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் அவர்கள் பொது ஆராதனையில் பிரசங்கிக்கலாம் என்று இடம் கொடுத்தது. ஆபத்தர்மத்தை இதைவிடத் துல்லியமாக எழுதவியலாது. ஆனால் இல்சே ஹார்ட்டர் என்னும் பெண்மணி அந்த அளவோடு நிற்கச் சம்மதிக்கவில்லை. விகாரின்களுக்கென்று தனியே வகுக்கப்பட்டிருந்த ஆசீர்வாத முறையை அவர் முன்னமே மறுத்திருந்தார். ஆண்களுக்குரிய குருப்பட்டம் எதுவோ அதுவே வேண்டும் என்றார். 1943 ஜனவரி 12ஆம் தேதி சாக்சன்ஹவுசனில் குர்ட் ஷார்ஃப் என்னும் போதகர் அவருக்கும் ஹானலோட்டே ரைஃபன் என்பவருக்கும் அந்தப் பட்டத்தை அளித்தார். வதைமுகாமுக்குப் பெயர்போன அதே சாக்சன்ஹவுசன்தான். போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும், பிரசங்க பீடத்திலிருந்த பெண்களில் பலர் மறுபடி சிறுவர் வகுப்புக்கே போனார்கள்.

ஓராண்டு கழித்துச் சீனத்தில் அதே நாடகம் வேறு பாத்திரங்களோடு நடந்தது. ஹாங்காங்கில் 1907இல் பிறந்த லீ டிம்-ஓய், பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் நினைவாகப் பிளாரன்ஸ் என்று தமக்கு ஞானஸ்நானப் பெயர் கொண்டவர். 1941இல் டீக்கனஸாக அபிஷேகம் பெற்று, போர்த்துக்கல்லின் ஆட்சியில் இருந்த மக்காவ் நகரின் ஆங்கிலிக்கன் சபையைக் கவனித்துவந்தார். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் தினத்தில் ஹாங்காங் ஜப்பானியரின் கையில் விழுந்தது. போர்த்துக்கல் நடுநிலை நாடாகையால் மக்காவில் அகதிகள் வந்து குவிந்தார்கள்; ஆனால் திருவிருந்து நடத்தக் குருவானவர் எவரும் அங்கு வரவியலவில்லை. வேறு வழியின்றி, குருப்பட்டம் பெறாத அவரே திருவிருந்தை நடத்த அனுமதி பெற்று நடத்திவந்தார். ஹாங்காங் அத்தியட்சர் ரொனால்டு ஹால் இதை யோசித்துப் பார்த்தார். குருப்பட்டம் பெறாத ஒருவரைக் கொண்டு திருவிருந்தை நடத்துவது பெரிய ஒழுங்கீனமா, அல்லது ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் அளிப்பது பெரிய ஒழுங்கீனமா? இரண்டாவதே ஒழுங்குக்கு நெருங்கியது என்று முடிவு செய்தார். லீ டிம்-ஓய் ஜப்பானியர் வசமிருந்த நிலப்பகுதியைக் கடந்து சாவோசிங் நகருக்கு வந்து சேர, 1944 ஜனவரி 25ஆம் தேதி ஹால் அவரைக் குருவாக அபிஷேகம் செய்தார்.

ஹால் பெண்ணுரிமை இயக்கத்தவர் அல்லர். பெண்களின் குருத்துவத்துக்காகத் தாம் வாதாடவில்லை என்றும், தம் பொறுப்பிலுள்ள சபைகளுக்குத் திருக்கிரியைகள் கிடைக்காமல் எந்தத் தப்பெண்ணமும் தடுக்க விடமாட்டேன் என்றும் கேன்டர்பரிப் பேரத்தியட்சர் வில்லியம் டெம்பிளுக்கு அவர் எழுதினார். அந்த மட்டில் அவர் பேசியதும் ஆபத்தர்மமே. ஆனால் தாம் செய்ததை அவர் கொர்நேலியுவின் வீட்டில் பேதுரு செய்ததோடு ஒப்பிட்டார் என்பதுதான் அவரை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்துகிறது. விருத்தசேதனம் இல்லாதவர்கள்மேல் பரிசுத்த ஆவி முன்னமே இறங்கிவிட்டதைக் கண்ட பேதுரு, இனித் தண்ணீரை எப்படித் தடுப்பது என்று ஞானஸ்நானம் கொடுத்தான். குருத்துவ வரம் அந்தப் பெண்ணிடம் முன்னமே இருக்கக் கண்டேன், அதை உறுதிப்படுத்தினேன் என்பதே ஹாலின் நிலை. இது பஞ்சத்தில் பயறு தின்ற கதை அன்று. ஆபத்து ஒரு விலக்கை உண்டாக்கவில்லை, அதுவரை மறைந்திருந்த ஓர் உண்மையைக் கண்முன் நிறுத்தியது என்று அவர் சொல்லுகிறார்.

போர் முடிந்தது. டெம்பிளுக்குப்பின் வந்த பேரத்தியட்சர் ஃபிஷரும் சீனத்து அத்தியட்சர்களும் ஹாலின் செயலை ஏற்கவில்லை. தம்மால் தம் அத்தியட்சருக்குத் தொல்லை நேரலாகாது என்று 1946இல் லீ டிம்-ஓய் குருவாகப் பணிசெய்யும் உத்தரவுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். பெற்ற பட்டத்தை அவர் துறக்கவில்லை. இந்த வேறுபாட்டை ஐரோப்பியக் குருமார்கள் பலரைவிட அவர் நன்றாக உணர்ந்திருந்தார். உத்தரவு விதியைச் சேர்ந்தது. பிறகு வியட்நாம் எல்லையை அடுத்த ஹெபு என்னும் ஊரில் சபையைக் கவனித்ததோடு, பெண்குழந்தைகள் பிறந்தவுடன் கொல்லப்படாமல் காப்பதற்காகப் பிரசவ விடுதி ஒன்றையும் நடத்தினார். அவரை முன்னிட்டு, இருபதாண்டுக் காலத்துக்குப் பரிசோதனையாகப் பெண்களுக்குக் குருப்பட்டம் அளித்துப் பார்க்கலாமா என்று சீனத் திருச்சபை கேட்டதை ஆங்கிலிக்கன் அத்தியட்சர்கள் கூடும் லாம்பெத் மாநாடு 1948இல் ஏற்க மறுத்தது. ஆபத்தில் செல்லுபடியான ஒன்றைச் சாதாரண காலத்தில் பரிசோதித்துப் பார்ப்பதும் கூடாது என்றாயிற்று.

5. ஐந்தாவதாக, என் வாதத்துக்கு அடங்காத எதிர்த்தரப்பைச் சொல்லவேண்டும்.

ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை ஆபத்தர்மத்தைக் குருத்துவத்தின் வாசல்வரை வரவிட்டதே இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டு ஆட்சி சமயத்தை நசுக்கிய காலத்தில், பதினான்கு ஆண்டுகள் சிறையிலிருந்து மீண்ட ஃபெலிக்ஸ் டாவீடக் என்னும் இரகசிய மேற்றிராணியார், சிறைப்பட்ட பெண்களுக்குத் திருக்கிரியை எதுவும் எட்டாமல் இருப்பதைக் கண்டார். பெண்களின் சிறைக்குள் பெண் மட்டுமே போகக்கூடும். டிடஸ்காலியாவின் பழைய காரணமே இது. 1970 டிசம்பரில் அவர் கூட்டிய இரகசியச் சபை இந்தக் கேள்வியில் இரண்டாகப் பிளந்தது. அம்மாத இறுதியில் அவர் புர்னோ நகரில் லுட்மிலா யவோரோவா என்பவருக்குக் குருப்பட்டம் அளித்தார். ஆட்சி மாறிய பிறகும் ரோமாபுரி அதை ஏற்கவில்லை. ஒழுங்கு மீறப்பட்டது என்று அது சொல்லவில்லை; அப்படி ஒரு குருப்பட்டம் நிகழவே இல்லை என்பது அதன் நிலை. 1994 மே மாதத்தில் இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவர் விடுத்த நிருபம், பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று கூறிற்று. அதாவது குரு ஆணாக இருப்பது ஞானஸ்நானத்தில் நீர் இருப்பதைப் போன்றது. இயல்பு, விதி அன்று. அந்த முற்கோளை ஏற்காதவர்கள் அதை எதிர்க்கலாம். நானும் ஏற்பவன் அல்லன். ஆனால் அந்நிலையில் முரண்பாடு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆபத்திலும் செல்லாது என்று சொல்லுபவர்களிடம், ஆபத்தில் செல்லும் என்று சொன்னீர்களே என்று கேட்கவியலாது.

அவர்களுக்கும் நெருக்கடி வராமல் இல்லை. அமேசான் நதிக்காட்டுச் சிற்றூர்களில் குருவானவரின் வருகைக்காகப் பல மாதங்கள் காத்திருக்கிறார்கள் என்பது 2019இல் ரோமாபுரியில் கூடிய சினாடில் விரிவாகப் பேசப்பட்டது. மறு ஆண்டு பிரான்சிஸ் போப்பாண்டவர் எழுதிய மடல், குருக்கள் இன்றியே பல பத்தாண்டுகளாக அச்சபைகளைத் தாங்கி நின்றவர்கள், ஞானஸ்நானம் கொடுத்தும் மறைக்கல்வி போதித்தும் வந்தவர்கள் பெண்களே என்று நன்றியோடு கூறிவிட்டு, பட்டத்தைப் பற்றிய பேச்சுக்கு இடம் கொடுக்காமலேயே முடிந்தது. பிளாரன்ஸ் சங்கம் 1439இல் கோடு கிழித்த இடத்திலேயே அது நிற்கிறது.

6. ஆறாவதும் கடைசியுமானது, விலக்கு விதியானபோது நேர்ந்தது.

ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் ஆலோசனைச் சங்கம் 1971இல் கென்யாவின் லிமுரு என்னும் ஊரில் கூடியபோது, பெண்களைக் குருவாக்க விரும்பும் அன்றைய ஹாங்காங் அத்தியட்சரின் செயல் தனக்கு உடன்பாடே என்று 24க்கு 22 வாக்குகளால் தீர்மானித்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே ஹாங்காங்கில் ஜேன் ஹுவாங், ஜாய்ஸ் பென்னட் இருவரும் குருப்பட்டம் பெற்றார்கள். இப்போது போர் இல்லை, முற்றுகை இல்லை; சாதாரண காலம். இங்கிலாந்துச் சபை இன்னும் இருபத்தொரு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 1992 நவம்பர் 11ஆம் தேதி அதன் பொதுச் சினாடில் மூன்று அவைகளிலும் மூன்றில் இரு பங்கு வேண்டியிருந்தது. சபையார் அவையில் 169க்கு 82 என்று வந்தது. இன்னும் இரண்டு பேர் மாறி வாக்களித்திருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும். 1980களில் கனடாவில் குடியேறிய லீ டிம்-ஓய் அவ்வாண்டு பிப்ரவரியில் காலமாகியிருந்தார். 1994 மார்ச்சில் பிரிஸ்டல் பேராலயத்தில் முதல் 32 பெண்கள் குருப்பட்டம் பெற்றார்கள்.

இதற்குப்பின் நடந்ததே சரித்திரத்தின் வேடிக்கை. பெண் குருக்களை மனச்சாட்சிப்படி ஏற்கவியலாதவர்களுக்காக 1993இல் சினாடு ஒரு தனி ஏற்பாடு செய்தது. அத்தகைய சபைகளைப் பராமரிக்கத் தனி அத்தியட்சர்கள் நியமிக்கப்பட்டார்கள். பெண் அத்தியட்சர்களை அனுமதிக்கும் சட்டம் 2012இல் சபையார் அவையில் ஆறு வாக்குகளால் தோற்றதற்கு, எதிர்ப்பாளர்களுக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்ற குறையும் காரணமாயிருந்தது. அதைச் சீர்செய்தபின் 2014இல் நிறைவேறிற்று. 2015 ஜனவரி 26ஆம் தேதி யார்க் பேராலயத்தில் லிப்பி லேன் முதல் பெண் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஒரு வாரத்துக்குப்பின், அதே பேராலயத்தில், பெண்களின் குருத்துவத்தை ஏற்காத ஃபிலிப் நார்த் தனி ஏற்பாட்டின்படி அத்தியட்சரானார். ஆண்களின் தனியுரிமையே இப்போது சலுகை கேட்டு நிற்கும் விலக்காகிவிட்டது. 2025 அக்டோபரில் சாரா முல்லாலி கேன்டர்பரிப் பேரத்தியட்சராக அறிவிக்கப்பட்டபின் அந்தச் சலுகை இன்னும் எத்தனை காலம் நீடிக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நீடிக்கவேண்டும் என்பதே என் விருப்பம். நெடுங்காலம் விலக்காக நடத்தப்பட்டவர்கள், விலக்காகிவிட்டவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதை உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நம் தென்னிந்தியத் திருச்சபையில் 1976இல் முதல் பெண் குருவானவர் அபிஷேகம் பெற்றார். 2013 செப்டம்பரில் புஷ்ப லலிதா நந்தியால் அத்தியட்சாதீனத்தின் பொறுப்பை ஏற்று, அச்சபையின் முதல் பெண் அத்தியட்சரானார். இரண்டுக்கும் இடையே முப்பத்தேழு ஆண்டுகள். ஆண்களுக்கு இருக்கும் தகுதிகளெல்லாம் இருந்தும் காத்திருக்கிற பெண் குருக்களின் சார்பாக, ஆயர்கள் போதவில்லை, கிராமச் சபைகள் காலியாயிருக்கின்றன, ஆகவே பெண்களை நியமியுங்கள் என்று கமிட்டிகளில் பரிந்து பேசும் நண்பர்களை நான் அறிவேன். அவர்கள் நோக்கம் நல்லது. ஆனால் ஆள் போதவில்லை என்று சொல்லி உள்ளே அழைக்கப்பட்டவர்களை, ஆள் போதும் என்று சொல்லி 1803இல் அனுப்பிவிட்டதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். நியமனத் தீர்மானம் எழுதும் பொறுப்பு உங்களில் எவருக்கேனும் வருமானால், காரணம் என்னும் இடத்தில் தேவையை எழுதாதீர்கள். ஹால் எழுதியதை எழுதுங்கள்: வரம் முன்னமே இருக்கக் கண்டோம்.